ஐரோப்பாவின் ஆற்றல் துறை மீத்தேன் குறைந்தது எப்படி? கசிவை அடைத்தார்களா, சுரங்கத்தை மூடினார்களா?

ஒருவர் கேட்டிருந்தது இது: “ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆற்றல் துறையிலிருந்து வெளியாகும் மீத்தேன் 1990க்குப் பிறகு பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக ஒரு கிராஃப் பார்த்தேன். கசிவுகளைத் தேடிப் பிடித்து அடைத்துத்தான் இதைச் சாதித்தார்களா? இந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்?” கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கிராஃபைப் பற்றிய கேள்விதான். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் கேட்பது இரண்டு விஷயம்: அந்தக் கோடு கீழே இறங்க யார் என்ன செய்தார்கள், கோட்டை வரைந்தவர்கள் எதையாவது அளந்து பார்த்துத்தான் வரைந்தார்களா. கோடு இறங்கியது உண்மை. இறங்கியதற்குப் பெரிய காரணம் நிலக்கரிச் சுரங்கங்களை மூடியது; கசிவை அடைத்ததற்கும் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. கணக்கைப் பொறுத்தவரை, ஆழ்சுரங்க நிலக்கரிப் பகுதியைப் பெருமளவு நம்பலாம், எண்ணெய் எரிவாயுப் பகுதியை அதே நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், எதை நேரில் பார்த்துச் சொல்கிறேன், எதைப் படித்துச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் சில வருடங்கள் ஐரோப்பாவில் ஒரு எரிவாயு நிறுவனத்தில் உமிழ்வுக் கணக்கு எழுதும் மேசை வேலை. அப்புறம் பத்து வருடங்களுக்கு மேல் களத்தில், குழாய்களிலும், வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையங்களிலும் கசிவு தேடும் வேலை. போலந்தில் சுரங்கங்களின் காற்றோட்டக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று அளந்த அனுபவம் உண்டு, ஆனால் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவன் இல்லை. செயற்கைக்கோள் தரவை வாங்கிப் படிக்கத் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும், காற்றின் நகர்வைக் கணக்கிடும் கணினி மாதிரிகளைக் கட்டத் தெரியாது. ஆகவே செயற்கைக்கோள் பற்றிச் சொல்வதைப் படித்தறிந்தவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘ஆற்றல் துறை மீத்தேன்’ என்றால் எது எது. மாடு, எரு, நெல்வயல் எல்லாம் விவசாயக் கணக்கு. குப்பைமேடும் கழிவுநீரும் இன்னொரு கணக்கு. 2020இல் ஐரோப்பிய ஆணையம் மீத்தேன் திட்ட அறிக்கை வெளியிட்டபோது, ஒன்றியத்தில் மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் விவசாயம் 53 சதவீதம், கழிவு 26 சதவீதம், ஆற்றல் 19 சதவீதம் என்று பிரித்துக் காட்டியது. அந்த 19 சதவீதத்துக்குள்தான் நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய் எல்லாம் வரும். வீடுகளில் விறகு எரிக்கும்போது அரைகுறையாக எரிந்து வெளியாகும் மீத்தேனும் இதிலேயே சேரும், பலர் இதைக் கவனிப்பதில்லை. சதவீதம் சின்னதாகத் தெரிந்தாலும் இதைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 12 வருடம்தான் தங்கும், ஆனால் 20 வருடக் கணக்கில் எடை எடையாக ஒப்பிட்டால் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இன்று நிறுத்தினால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும். மாட்டைவிடக் குழாயைச் சரிசெய்வது சுலபம் என்பதும் உண்மை.

நம் ஊரில் மீத்தேன் என்ற சொல் பலருக்கு மன்னார்குடித் திட்டத்தோடுதான் அறிமுகமானது. அங்கே பேசப்பட்டது நிலக்கரிப் படுகையில் ஒட்டியிருக்கும் மீத்தேனைத் தனியாக எடுத்து விற்பது. ஐரோப்பாவில் நடந்தது நிலக்கரியை வெட்டி எடுக்கும்போது அதே மாதிரி வாயு தானாக வெளியேறியது. இயற்பியல் ஒன்றுதான். நிலக்கரி உருவான காலத்திலேயே மீத்தேனும் உருவாகி, அதன் நுண்துளைகளில் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் சுமையை எடுத்தால், பாறையை உடைத்தால், ஒட்டியிருந்தது விட்டுவிடும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், வாயுவும் பொதுவாகக் கூடும். அதனால்தான் மேலே தோண்டும் திறந்தவெளிச் சுரங்கத்தில் டன்னுக்குக் குறைவாகவும், எழுநூறு எண்ணூறு மீட்டர் ஆழச் சுரங்கத்தில் டன்னுக்கு அதிகமாகவும் வருகிறது.

ஆழ்சுரங்கத்திலிருந்து இது எப்படி வெளியே வருகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அளவு புரியும். தெற்குப் போலந்தில், மேல் சைலீசியாவில், ஒரு காற்றோட்டக் குழியின் வெளிவாய்க்குக் கொஞ்ச தூரத்தில் நின்றிருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெதுவெதுப்பான ஈரக்காற்று கனத்த இரைச்சலோடு மேலே போய்க்கொண்டே இருக்கும், குளிர்காலத்தில் வெள்ளையாக ஆவி தெரியும், அது நீராவிதான். அந்தக் காற்றில் மீத்தேன் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் 5 முதல் 15 சதவீதம் வரை போனால் வெடிக்கும். குறைவுதானே என்று நினைத்துவிடக் கூடாது. நிமிடத்துக்கு 15,000 கன மீட்டர் காற்று, அதில் 0.3 சதவீதம் மீத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 45 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 30 கிலோ. மணிக்கு 1.8 டன். ராத்திரி பகல் நிற்காது, ஞாயிற்றுக்கிழமை நிற்காது. வருடத்துக்கு 15,000 டன்னுக்கு மேல், ஒரே ஒரு குழியிலிருந்து. இவ்வளவு நீர்த்துப்போன வாயுவைப் பற்றவைத்து எரிக்கவும் முடியாது, அதற்கென்று தனித் தொழில்நுட்பம் வேண்டும். மூடும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது அந்தக் குழிகள் எப்போதெல்லாம் மூடின என்று பாருங்கள். நெதர்லாந்து 1974இலேயே நிலக்கரியை முடித்துக்கொண்டது. பெல்ஜியம் 1992. பிரான்ஸில் கடைசிச் சுரங்கம் 2004 ஏப்ரலில். பிரிட்டனில் 1984–85 வேலைநிறுத்தம் தோற்றதிலிருந்து வரிசையாக மூடிக்கொண்டே வந்து, கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் நின்றது. ஜெர்மனியில் மானியத்தை 2018க்குள் நிறுத்துவதென்று 2007இல் முடிவெடுத்து, 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப் ஊரின் ப்ரோஸ்பர்-ஹானியல் சுரங்கத்தில் கடைசிக் கரித்துண்டை வெட்டி எடுத்துவந்து குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அந்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கிறது, சுரங்க உடையில் நின்றவர்கள் அழுதார்கள். அவர்களில் யாரும் மீத்தேனைக் குறைப்பதற்காக வேலையை இழக்கவில்லை. உள்நாட்டுக் கரியைவிடக் கப்பலில் வந்த கரி மலிவு, எரிவாயு வசதி, மானியம் தாங்கவில்லை, இதுதான் காரணம். கிராஃபில் பெரும் சரிவாகத் தெரிவது பொருளாதாரம் எடுத்த முடிவு, காலநிலைக் கொள்கை அதற்கு முக்கியக் காரணம் இல்லை. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

ஆரம்ப வருடத்தையும் கவனிக்க வேண்டும். 1990 என்பது ஐநா காலநிலை ஒப்பந்தத்தில் அடிப்படை ஆண்டு, அதிலிருந்துதான் பெரும்பாலான கோடுகள் தொடங்கும். பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பரில். கிழக்கு ஜெர்மனி, போலந்து, செக், ருமேனியா போன்ற நாடுகளின் கனரகத் தொழில்கள் சரியத் தொடங்கியது சரியாக அந்தச் சமயத்தில். அந்தச் சரிவில் பெரும்பகுதி ‘1990க்குப் பிறகான குறைப்பு’ என்று கணக்கில் ஏறிவிட்டது. ஆரம்ப ஆண்டை 2000 என்று வைத்து அதே கோட்டைப் பார்த்தால் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது.

போலந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று ஒன்றியத்தின் நிலக்கரி மீத்தேனில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. 1990இல் ஏறக்குறைய 15 கோடி டன் கறுப்பு நிலக்கரி எடுத்த நாடு, இப்போது 5 கோடி டன்னுக்குக் கீழே வந்துவிட்டது. மீத்தேனும் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? அப்படி நடக்கவில்லை. 2000களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 2010களின் நடுவில் கரி உற்பத்தி மூன்றில் ஒரு பங்குபோலக் குறைந்திருந்தது, பாறையிலிருந்து வெளிவந்த மீத்தேனோ கூடியிருந்தது. மேலடுக்குகள் தீர்ந்து ஒவ்வொரு வருடமும் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள், வாயு நிறைந்த அடுக்குகளுக்குப் போகிறார்கள். டன் கணக்கை மட்டும் வைத்துக் குத்துமதிப்பாக மீத்தேன் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். சுரங்கத் தொழிலாளர்களோடு 2021இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கடைசிச் சுரங்கங்கள் 2049 வரை ஓடலாம்.

அப்படியானால் அடைத்ததே இல்லையா என்றால், இருக்கிறது, அதை மறைப்பது அநியாயம். பிரிட்டனில் (இப்போது ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பாதானே) பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிளாஸ்டிக் குழாய்களாக மாற்றும் திட்டம் 2002இல் தொடங்கி, கட்டடங்களிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் முப்பது வருடத்தில் மாற்றுவதாகப் போய்க்கொண்டிருக்கிறது. தொடங்கியது வெடிவிபத்துப் பயத்தால்தான், ஆனால் மீத்தேனும் குறைந்தது. ஜெர்மனியில் 2000இல் வந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டம் சுரங்கவாயுவுக்கும் நிலையான விலை கொடுத்தது. மூடிய சுரங்கம் மூடியதும் அடங்கிவிடாது, தண்ணீர் ஏறி நிரம்பும் வரை பல வருடம் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். ரூர், ஸார் பகுதிகளில் அந்த வாயுவை உறிஞ்சி எஞ்சினில் எரித்து மின்சாரமாக விற்றார்கள். காசு வந்ததும் கசிவு குறைந்தது. நான் பார்த்த வரையில் மிக உருப்படியான மீத்தேன் கொள்கை அதுதான்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், கணக்கை நம்பலாமா. மேசை வேலையில் இருந்தபோது என் முன்னால் ஒரு எக்செல் தாள் இருக்கும். ஒரு பத்தியில் வால்வுகளின் எண்ணிக்கை, இன்னொன்றில் பிளாஞ்ச் இணைப்புகள், இன்னொன்றில் குழாயின் கிலோமீட்டர். ஒவ்வொன்றையும் ‘உமிழ்வுக் காரணி’ என்ற ஒரு எண்ணால், அதாவது அப்படி ஒன்று சராசரியாக எவ்வளவு கசியும் என்ற எண்ணால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காரணிகளில் சில, எப்போதோ வேறொரு நாட்டில் அளந்தவை. சில வருடம் கழித்து களத்துக்குப் போனபோது, அதே நிறுவனத்தின் ஒரு கம்ப்ரசர் நிலையத்தில் அகச்சிவப்புக் கேமராவைத் தூக்கிப் பிடித்தேன். வெறும் கண்ணுக்கு அமைதியான நிலையம். கேமராவில் ஒரு வால்வின் தண்டிலிருந்து கரும்புகை மாதிரி நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது. கிட்டப் போய் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து வரிசையில் நாற்பது வால்வுகள், ஒன்றிலும் ஒரு குமிழி இல்லை. அன்றே அந்த ஒரு வால்வின் உறையை இறுக்கிவிட்டு வந்தோம், அரை மணி நேர வேலை.

அந்த வருடக் கடைசியில் தாளைத் திறந்து பார்த்தேன். அந்த நிலையத்தின் உமிழ்வு எண் மாறவே இல்லை. எப்படி மாறும்? வால்வுகளின் எண்ணிக்கை அதேதான், காரணியும் அதேதான். நாங்கள் அடைத்த கசிவு முந்தைய வருடங்களிலும் கணக்கில் இல்லை, அடைத்த பிறகும் கணக்கில் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கிராஃபில் எண்ணெய் எரிவாயுப் பகுதி குறைந்திருப்பதைப் பார்க்கும்போது, அதில் எவ்வளவு உண்மையான பழுதுபார்ப்பு, எவ்வளவு காரணியை மாற்றியதால் வந்த மாற்றம், எவ்வளவு உற்பத்தி குறைந்ததால் வந்தது என்று அந்தக் கோட்டை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பெரிய நிறுவனங்கள் பல இப்போது அளந்து எழுதுகின்றன, 2020இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு புதுப்பித்த எண்ணெய் எரிவாயு மீத்தேன் கூட்டமைப்பின் விதிகள் அதைக் கேட்கின்றன. ஆனால் முப்பது வருடக் கோட்டின் பெரும்பகுதி பெருக்கல் கணக்கு.

நிலக்கரிக் கணக்கு மட்டும் ஏன் மேல்? சுரங்கத்தில் மீத்தேனை அளக்காவிட்டால் ஆள் சாவார்கள். 2022 ஏப்ரலில்கூட போலந்தின் ப்னியூவெக் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து உயிர்கள் போயின. அதனால் ஆழ்சுரங்கத்தில் வாயு அளவிகள் நாள் முழுக்க ஓடுகின்றன, காற்றின் வேகமும் தெரியும், இரண்டையும் பெருக்கினால் உண்மையான உமிழ்வு வந்துவிடும். 2018இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் தலைமையில் மேல் சைலீசியாவுக்கு மேலே விமானம் பறக்கவிட்டு அளந்தார்கள். வருடத்துக்குச் சுமார் 4.4 லட்சம் டன் என்ற அளவில் வந்தது, சுரங்கங்கள் தெரிவித்திருந்த எண்ணும் அதற்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அடுத்த வருடம், 2019இல், உட்ரெக்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த குழு ருமேனியாவின் எண்ணெய் வயல்களில் காரிலும் ட்ரோனிலும் விமானத்திலும் போய் அளந்தது. அங்கே வந்தது நாடு தெரிவித்த கணக்கைப்போல இரண்டரை மடங்கு. ஒரே கண்டம், ஒரே அறிக்கை முறை. ஒன்றில் உயிர்ப் பயத்தால் கருவி வைத்திருந்தார்கள், இன்னொன்றில் வைக்கவில்லை.

சராசரிக் காரணிகள் எண்ணெய் எரிவாயுவில் ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணம், கசிவுகள் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்த ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரிய 5 சதவீதக் கசிவுகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் கொட்டுவது தெரிந்தது. நான் மேலே சொன்ன நாற்பது வால்வும் ஒரு வால்வும் கதை எல்லா இடத்திலும் அப்படித்தான். முப்பது இணைப்புகளில் சாம்பிள் எடுத்து அந்த ஒன்றைத் தவறவிட்டால் உங்கள் சராசரி அபத்தமாகக் குறைவாக வரும், தற்செயலாக அது மாட்டிக்கொண்டால் அபத்தமாகக் கூடுதலாக வரும். நிலக்கரியிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு எடுத்துக்கொள்ளும் காரணி மிகவும் குறைவு என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கேள்வி எழுப்பியிருக்கின்றன. அந்த வாதம் இன்னும் முடியவில்லை, பரந்த திறந்த குழியின் உமிழ்வைக் குழாய் வாயில் அளப்பதுபோல அளக்க வழி இல்லை.

இதற்கெல்லாம் மேலே, அந்தக் கிராஃபில் இல்லவே இல்லாத ஒரு பங்கு இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நாட்டு எல்லைக்குள் வெளியானதை மட்டும்தான் அந்தக் கணக்கு எண்ணும். நெதர்லாந்தின் குரோனிங்கன் வயல், 1959இல் கண்டுபிடித்த மாபெரும் வயல், நிலநடுக்கங்களால் வீடுகள் விரிசல் விட்டு, 2023 அக்டோபர் 1 முதல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வட கடல் வயல்கள் வயதாகிக்கொண்டு வருகின்றன. ஒன்றியம் பயன்படுத்தும் எரிவாயுவில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. கிணறு அங்கே, கசிவும் அங்கே, அடுப்பு இங்கே. 2021 வரை பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்து, 2022 போருக்குப் பிறகு அந்த இடத்தை நார்வே வாயுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் வாயுவும் பிடித்தன. ஒன்றியம் கப்பலில் வாங்கும், திரவமாக்கிய இயற்கை எரிவாயுவில் 2023இல் ஏறக்குறைய பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. நார்வே வாயு மிகச் சுத்தமானது, வாயுவை வீணாக எரிப்பதற்கு அங்கே 1970களிலிருந்தே தடை. அமெரிக்கா அப்படி இல்லை. 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, அந்நாட்டின் எரிவாயு உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிவதாகவும், அது அரசுக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம் என்றும் சொன்னது. அந்தக் கசிவு அமெரிக்காவின் கணக்கில் எழுதப்படும், ஐரோப்பியக் கோட்டில் ஒரு புள்ளியாகக்கூட விழாது. கரியை மூடிவிட்டு வாயுவுக்கு மாறியபோது மீத்தேனில் ஒரு பகுதி குறைந்தது, ஒரு பகுதி ஊர் மாறியது. எவ்வளவு ஊர் மாறியது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே எண் கிடையாது, ஒவ்வொரு கப்பலும் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும்.

நீண்டகாலக் கோட்டில் சரியாக அடங்காத இன்னொன்று பெரும் விபத்து. 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலில், போர்ன்ஹோம் தீவுக்குப் பக்கத்தில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோகப் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் உடைந்தன. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் ஒருங்கிணைப்பில் வெவ்வேறு குழுக்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து, வெளியான மீத்தேன் ஏறக்குறைய 4.65 லட்சம் டன் என்று முடிவுக்கு வந்தார்கள். முதல் வாரங்களில் வந்த மதிப்பீடுகள் பல இதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மேலே சொன்ன சைலீசியா எண்ணைப் பாருங்கள். அத்தனை சுரங்கங்களும் ஒரு வருடம் முழுக்க விட்டதைக் குழாய் உடைப்பு சில நாட்களில் விட்டுவிட்டது.

வானத்திலிருந்து சரிபார்க்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓரளவு முடியும். நெதர்லாந்தின் கபாவ் என்ற இடத்தில் 213 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது, அது போன்ற நிலையங்கள் ஐரோப்பா முழுக்கக் காற்றின் மீத்தேனை அளந்துகொண்டே இருக்கின்றன. காற்று வந்த திசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு வந்தது என்று சொல்லலாம், மாடா குழாயா என்று பிரிப்பது கஷ்டம். எரிவாயுவோடு ஈத்தேனும் சேர்ந்து வரும், மாட்டிலிருந்து வராது. அந்தத் துப்பு உதவும், தீர்ப்பு சொல்லாது. 2017 அக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி தினமும் உலகம் முழுவதையும் பார்க்கிறது, ஆனால் அதன் ஒரு புள்ளி பல கிலோமீட்டர் அகலம், ஐரோப்பாவின் மேகமும் வட கடலின் இருண்ட நீரும் அதற்கு எதிரி. துர்க்மேனிஸ்தான் பாலைவனத்தில் மாபெரும் கசிவை அது உடனே பிடிக்கும், மழை பெய்யும் நெதர்லாந்தில் ஒரு வால்வை ஒருபோதும் பிடிக்காது. துர்க்மேனிஸ்தான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களில் உலக மீத்தேன் ஏறும் வேகம் குறைந்ததற்கு சோவியத் ஒன்றியம் உடைந்து அங்கே எரிவாயு உற்பத்தி சரிந்ததும் ஒரு காரணம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2024இல் ஒரு குழு பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் துர்க்மேனிஸ்தான் வயல்களைத் தேடிப் பார்த்தபோது, 1991க்குப் பிறகு கசிவுகள் அங்கே கூடியிருப்பதைக் கண்டது. உற்பத்தி விழுந்தது, பராமரிப்பும் சேர்ந்தே விழுந்தது. ஒரு பகுதியை வைத்து மொத்தக் கதையையும் மாற்ற முடியாது, ஆனாலும் உற்பத்தியால் பெருக்கிப் போடும் கணக்கு திசையையே தவறாகக் காட்டக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி வரும் வருடங்கள் வேறு மாதிரி இருக்கும். 2024 ஆகஸ்டில் ஒன்றியத்தின் மீத்தேன் ஒழுங்குமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. நிறுவனங்கள் அளந்து எழுத வேண்டும், குறித்த இடைவெளியில் கசிவு தேடிப் பழுதுபார்க்க வேண்டும், வழக்கமாக வாயுவைக் காற்றில் விடவும் எரித்துத் தள்ளவும் தடை. சுரங்கங்களுக்கு 2027 முதல் ஆயிரம் டன் கரிக்கு 5 டன் மீத்தேன் என்ற வரம்பு, 2031 முதல் 3 டன். 2021 டிசம்பரில் ஆணையம் முதலில் முன்வைத்தது அரை டன், போலந்தின் எதிர்ப்பில் அது பத்து மடங்கு தளர்ந்தது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. இறக்குமதி வாயுவுக்கும் நிபந்தனைகள் படிப்படியாக வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதன்மேல் அமெரிக்காவிலிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் பலத்த அழுத்தம் இருக்கிறது. அளக்கத் தொடங்கினால் சில நாடுகளின் எண்ணெய் எரிவாயுக் கோடு மேலே போகக்கூடும். அப்போது ‘சட்டம் வந்த பிறகு கசிவு கூடிவிட்டது’ என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள், முன்பு எண்ணாததை இப்போது எண்ணுகிறார்கள்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு நேரடியாக உதவக்கூடியது சில. கார்பன் டை ஆக்சைடு சமானத்தில், அதாவது மீத்தேன் எடையை ஒரு எண்ணால் பெருக்கிக் கார்பன் டை ஆக்சைடு கணக்காக மாற்றி இருக்கும் கிராஃபை விட்டுவிட்டு மீத்தேன் டன்னில் இருக்கும் தரவை எடுங்கள். ஐநா அறிக்கைகளில் பெருக்கும் எண் முதலில் 21 ஆக இருந்து, பிறகு 25 ஆகி, இப்போது 28, வெவ்வேறு வருட அறிக்கைகளைக் கலந்தால் கணக்கு குளறுபடி ஆகும். பிரிட்டன் சேர்ந்த 28 நாட்டுக் கோடா, பிரிட்டன் இல்லாத 27 நாட்டுக் கோடா என்று பாருங்கள், பிரிட்டனின் சரிவு பெரிது என்பதால் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். ஐநாவுக்குத் தரும் கணக்கை ஒவ்வொரு வருடமும் 1990 வரை பின்னோக்கித் திருத்துவார்கள், ஆகவே ஒரே ஒரு வருடம் சமர்ப்பித்த கணக்குத் தாளிலிருந்தே முழுக் கோட்டையும் எடுங்கள். அந்தத் தாளில் 1.பி.1 என்ற வரிசை திட எரிபொருள், அதாவது நிலக்கரி, 1.பி.2 எண்ணெயும் எரிவாயுவும். இரண்டையும் தனித்தனிக் கோடாக வரைந்து, 1.பி.1 கோட்டின் மேல் நான் மேலே சொன்ன சுரங்க மூடல் ஆண்டுகளைக் குறித்துப் பாருங்கள். நாடு வாரியாகப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும், போலந்தையும் ருமேனியாவையும் கண்டிப்பாகப் போடுங்கள். தாளைப் பிரிப்பதில் சிக்கல் வந்தால் எந்த வருடத்துத் தாள் என்று சொல்லி இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.